கைக்கு ஓய்வு, காலுக்கு 365 படி

போன ஐப்பசியில் நகரியிலிருந்து திருத்தணிக்குத் திரும்பும்போது பொன்பாடி பக்கம் பைக் சறுக்கியது. மழைத் தண்ணீர் ரோட்டின் ஓரத்தில் மணலைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது, கவனிக்கவில்லை. விழுந்த வேகத்தில் வலது கையை ஊன்றினேன். எழுந்தபோது தோளில் உருண்டையாக இருக்க வேண்டிய இடம் குழியாக இருந்தது. கை சற்று விலகி அப்படியே நின்றுவிட்டது, உடம்போடு சேர்க்க முடியவில்லை. ஓடிவந்தவர்களில் ஒருவர், "ஒரே இழுப்பு இழுத்தா உட்காந்துடும்" என்று கையைப் பிடிக்க வந்தார். நல்ல மனதோடுதான் வந்தார். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, துண்டால் கையைத் தாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். அன்று நான் செய்த சரியான காரியம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். உள்ளே எலும்பு முறிந்திருந்தால் அந்த இழுப்பில் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, மூட்டு முன்பக்கமாக நழுவியிருந்தது. தோள் நழுவினால் பெரும்பாலும் முன்பக்கம்தான் நழுவுமாம். பள்ளிக்கூடத்தில் ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடுவோமே, தோள் மூட்டின் அமைப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான்: பெரிய உருண்டை, ஆழமில்லாத குழி. அதனால்தான் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது, அதனால்தான் சுலபமாக நழுவவும் செய்கிறது. டாக்டர் மேல்கையின் வெளிப்பக்கத்தைப் பஞ்சால் தொட்டு, உணர்ச்சி தெரிகிறதா என்று முதலில் கேட்டார். அந்த வழியாகப் போகும் நரம்பு அடிபட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான். பிறகு மருந்து கொடுத்து மூட்டை உட்கார வைத்து, மூன்று வாரத்துக்கு ஸ்லிங், அதாவது கையைக் கழுத்திலிருந்து தாங்கும் பட்டை, மாட்டி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமா, "புத்தூருக்குப் போய்க் கட்டு போட்டுட்டு வந்துடலாம்" என்றார். எங்கள் பக்கத்தில் கை கால் அடிபட்டால் முதலில் வாயில் வரும் ஊர் புத்தூர்தான். என் அப்பாவுக்கே முன்கை முறிந்தபோது அங்கேதான் கட்டினோம், நன்றாகவே சேர்ந்தது. எனக்கு முறிவு இல்லை என்று மாமாவிடம் எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னேன். தோளை நீண்ட நாள் இறுக்கிக் கட்டி வைத்தால் அது இறுகிப்போகும், பிறகு கையைத் தூக்குவதே பெரும்பாடாகிவிடும். எனக்கு வயது 41. நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தோள் நழுவும்போது அதைச் சுற்றியுள்ள தசைநாரும் கிழிய வாய்ப்பு அதிகம் என்பதால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். நல்லவேளை, பெரிய கிழிசல் இல்லை.

இருபது வருடமாகச் சாயங்காலம் வாலிபால் ஆடுகிறவன் நான். மூன்று மாதம் சும்மா உட்கார்ந்தால் உடம்பு என்னாகும் என்ற பயம் வலியைவிடப் பெரிதாக இருந்தது. பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் அதைச் சொன்னேன். அவர் நகரிக்காரர், தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். "அடிபட்டது தோள்தானே, காலுக்கு என்ன?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைக் காப்பாற்றியது.

முதல் வாரம் வெறும் நடை. இரண்டாவது வாரத்திலிருந்து, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, விடியற்காலையில் முருகன் கோயில் படி. 365 படி, வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. ஸ்லிங் போட்ட கை உடம்போடு ஒட்டியிருப்பதால் பேலன்ஸ் கொஞ்சம் தடுமாறும், அதனால் தம்பி மகன் கூடவே வருவான். இடது கை கைப்பிடியில் இருக்கும். ஏறுவது மட்டும்தான். ஸ்லிங் கழற்றும்வரை படியில் இறங்கவே இல்லை, மலைப்பாதையில் வண்டியில்தான் திரும்பினேன். இறங்கும்போது கால் தவறினால் கை தானாக ஊன்றப் போகும், அதைத் தடுக்க நம்மால் முடியாது. ஓட்டமும் வேண்டாம் என்றார்கள், ஒவ்வொரு அடியும் தோளில் அதிரும்.

வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 15 தடவை, மூன்று சுற்று. குதிகால் தூக்குவது. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது. இடது கைக்கு ஐந்து கிலோ டம்பெல். நல்ல கைக்குப் பயிற்சி கொடுத்தால் கட்டிப்போட்ட கையின் பலம் குறைவதும் ஓரளவு மட்டுப்படும் என்று அந்த அம்மா சொன்னபோது முதலில் நம்பவில்லை. மூளை அனுப்பும் கட்டளைதான் காரணமாம், ஆராய்ந்து பார்த்த விஷயம்தான். தண்டால், பிளாங்க், பாரில் தொங்குவது எதையும் நினைக்கவே கூடாது.

சின்ன விஷயங்கள்தான் அதிகம் படுத்தின. சட்டை போடும்போது அடிபட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும். குளிக்கும்போது முன்னால் குனிந்து கையைத் தளரத் தொங்கவிட்டால் அக்குளைக் கழுவ முடியும். இரவில் சாய்ந்தபடி, முழங்கைக்குக் கீழே தலையணை. இதையெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் நான்கு ராத்திரி தூக்கம் மிஞ்சியிருக்கும்.

நான்காவது வாரம் ஸ்லிங் போனது. குனிந்து கையைப் பெண்டுலம் போல ஆட்டுவது, பிறகு சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற்றுவது. விரல் எட்டிய இடத்தில் என் மனைவி கரித்துண்டால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுவாள். பக்கத்திலேயே இடது கை எட்டும் உயரத்துக்கு ஒரு நீளக் கோடு. முதல் நாள் வலது கை நெஞ்சு உயரத்தைத் தாண்டவில்லை. பத்து நாளில் கண் உயரம் வந்தது.

ஆறாவது வாரத்தில் வலி இல்லை என்ற தைரியத்தில் 20 லிட்டர் தண்ணீர் கேனை வலது கையால் தூக்கிவிட்டேன். நழுவவில்லை, ஆனால் இரவெல்லாம் குத்தியது, எட்டு நாள் கோடு ஒரு விரல்கூட ஏறவில்லை. வலி நிற்பது ஒன்று, உள்ளே ஆறுவது வேறு. "தொந்தர வத்து, மெல்லகா" என்றார் பிசியோ அம்மா. அவசரம் வேண்டாம், மெதுவாக. திட்டவில்லை. பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி ஜன்னல் கம்பியில் கட்டச் சொன்னார். முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, இடையில் ஒரு துண்டைச் சுருட்டிச் செருகி, டியூபை உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை இழுக்க வேண்டும். பார்க்க ஒன்றுமே இல்லாத பயிற்சி. ஆனால் அந்த உருண்டையைக் குழிக்குள் பிடித்து வைப்பது இந்தச் சின்னத் தசைகள்தான். காலையும் மாலையும் விடாமல் செய்தேன்.

டிசம்பர் 31 அன்று படித்திருவிழா. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றிக்கொண்டே ஏறினார்கள். நானும் குனிந்து குனிந்து வலது கையாலேயே குங்குமம் வைத்தேன். 365 படி முடிந்தபோது தொடையும் வலிக்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை. அடிபடுவதற்கு முன்னால்கூட என் கால் இவ்வளவு திடமாக இருந்ததில்லை.

பொங்கலுக்கு வீடு முழுக்க வெள்ளையடித்தோம். அந்தச் சுவரை மட்டும் தொடவில்லை. நீளக் கோட்டைத் தொட இன்னும் இரண்டு விரல் கடை பாக்கி இருந்தது. கையை விரித்துப் பின்னால் மடக்கி ஓங்கி அடிக்கிற ஸ்மாஷுக்கு டாக்டர் இன்னும் சம்மதிக்கவில்லை. இப்போதைக்கு மைதானத்தில் இறங்கி, இடுப்புக்குக் கீழிருந்து சர்வீஸ் மட்டும் போடுகிறேன்.