பச்சோந்தி 90 டாலர், தண்ணீர் வடிய வழி 85 டாலர்

ஒரு வழியாகத் தரை காய்ந்துவிட்டது. காலையில் எழுந்ததும் கூண்டுக்குப் பக்கத்துக் கார்ப்பெட்டை உள்ளங்காலால் மிதித்துப் பார்ப்பது இரண்டு மாதமாக என் பழக்கம். இன்றோடு ஒன்பது நாள், ஈரம் இல்லை. இந்தச் சந்தோஷத்தை வீட்டில் யாரிடம் சொன்னாலும் “ம்” என்றுதான் பதில் வருகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாயாண்டி எங்கள் முதல் பச்சோந்தி. ஏமன் நாட்டு வெய்ல்டு வகை, ஆண். இங்கே டெக்சாஸில் பண்ணையில் பிறந்த குஞ்சு, மூன்றரை மாதத்தில் வாங்கினேன். ஆண்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். இந்த வகைப் பெண், துணையே இல்லாவிட்டாலும் முட்டை கட்டும். மணல் தொட்டி, முட்டை சிக்கிக்கொள்ளும் பயம் என்று முதல் தடவை வளர்ப்பவனுக்குத் தாங்காத சங்கதி அது. பின்னங்காலில் குதிகாலுக்கு மேலே சின்ன முள் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் ஆண். பண்ணைக்காரர் கையில் வைத்துக் காட்டினார். அரிசி முனை அளவுதான், ஆனால் தெளிவாகத் தெரிந்தது. விலை 90 டாலர்.

மொத்தச் செலவில் அந்தப் பல்லியின் விலை ஒரு சின்னப் பங்குதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முதல் தவறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குஞ்சு வருவதற்கு முன்பே ஒரு கடையில் ‘எல்லாம் அடங்கிய’ பச்சோந்திப் பெட்டி என்று 110 டாலருக்கு ஒன்றை என் தலையில் கட்டினார்கள். 16 அங்குல அகலக் கூண்டு, ஒரு சுருள் பல்பு, இரவுக்கு என்று ஒரு சிவப்பு பல்பு, தண்ணீர்க் கிண்ணம். கூண்டு குஞ்சுக்குக்கூட நாலு மாதம் தாங்காது. சிவப்பு பல்பு தேவையே இல்லை, ராத்திரி இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தால்தான் அது தூங்கும். கிண்ணத்தைப் பற்றிப் பேச வேண்டாம். இலையில் தொங்கும் சொட்டை நக்கிக் குடிக்கிற பிராணிக்குக் கிண்ணம் வைத்து விற்கிறார்கள். பெட்டி இப்போது பரணில் இருக்கிறது.

அப்புறம்தான் ஒழுங்காக வாங்கினேன். 24-க்கு 24, உயரம் 48 அங்குலம், நாலு பக்கமும் வலை போட்ட அலுமினியக் கூண்டு 170. டி5 குழல்விளக்குச் சட்டமும் ஆர்கேடியா 6 சதவீதப் புற ஊதாக் குழலும் 95. வெயில் காய ஒரு விளக்குக் கூம்பு, சாதாரண பல்பு, இரண்டும் சேர்த்து 30. வெப்பமும் ஈரப்பதமும் பார்க்கும் மானி 25. கால்சியம் பொடி, வைட்டமின் பொடி 35. செடிகளுக்கு 60 ஆனது. அதில் பாதி நம் மணி பிளான்ட்தான், இங்கே போத்தோஸ் என்கிறார்கள். ஒரு செம்பருத்தியும் வைத்தேன். வெய்ல்டு வகை இலையும் தின்னும் என்று படித்திருந்தேன். மாயாண்டி இலையைத் தொடவில்லை, பூவை மட்டும் ஒரே வாரத்தில் காலி செய்தான். குச்சிகள் பூங்காவில் பொறுக்கியது, காசில்லை. டைமர் வைத்துத் தானே தண்ணீர் தூவும் மிஸ்ட்கிங் தெளிப்பான், இரண்டு நாசிலோடு (தூவும் முனை), 170. இரவுப் பனிமூட்டத்துக்கு ஒரு கருவி 40.

பனிமூட்டக் கருவி இன்னும் பெட்டியில்தான் தூங்குகிறது. இரவில் அறை நன்றாகக் குளிர்ந்தால்தான் அதை ஓட்டலாம். சூடும் ஈரமும் ஒன்றாகச் சேர்ந்தால் மூச்சுக்குழாயில் சளி கட்டும். டல்லஸ் பக்கம் கோடையில் ஏ.சி. போட்டும் என் அறை 74 பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. அக்டோபர் வரட்டும்.

விளக்கு விஷயம் ஒரே நாளில் முடிந்தது. ஒரு நண்பரிடம் புற ஊதா அளவு பார்க்கும் சோலார்மீட்டர் 6.5 இருந்தது. 200 டாலருக்கு மேல் விலை போகும் கருவி, ஒரு நாள் இரவல் தந்தார். கூரை வலைக்கு மேலே குழல், கீழே ஆறு அங்குலத்தில் குச்சி: அளவு 4-க்கு மேல் காட்டியது. குச்சியை இறக்கி இறக்கி ஒன்பது அங்குலத்தில் வேண்டிய 3 வந்தது. அங்கேயே ஒரு கம்பியால் கட்டினேன், முடிந்தது கதை. குழலின் மீது தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன், ஒரு வருடத்தில் மாற்ற வேண்டும். வெளிச்சம் அப்படியே இருக்கும், புற ஊதா மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் குறைந்துவிடும்.

இப்போது தண்ணீர்.

வந்த முதல் வாரம் மாயாண்டியின் எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. தண்ணீர் போதவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். பதறிப்போய் டைமரை மாற்றினேன். விடியுமுன் 5:45-க்கு இரண்டு நிமிடம், இரவு விளக்கணைந்த பிறகு இரண்டு நிமிடம். நாசிலை ஒரு பாட்டிலுக்குள் விட்டு அளந்து பார்த்தேன்: ஒரு முறைக்கு இரண்டும் சேர்ந்து சுமார் 400 மில்லி. ஆக ஒரு நாளைக்கு 800. நாலு நாளில் எச்சம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. அவன் பிரச்சினை தீர்ந்தது, என் பிரச்சினை ஆரம்பித்தது.

அந்த 800 மில்லியில் அவன் குடிப்பது இரண்டு மூன்று ஸ்பூன் இருக்கும். மீதி? கூண்டின் அடியில் ஒரு பிளாஸ்டிக் பலகை வருகிறது. ஓட்டை கிடையாது, சரிவு கிடையாது. நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி வாடகை வீடு, சுவருக்குச் சுவர் கார்ப்பெட்.

முதலில் துண்டு விரித்தேன். மூன்றாம் நாள் ஊறவைத்த கோணி நாற்றம். அடுத்து பலகையில் வரிசையாக ஓட்டை போட்டு, வாஷிங் மெஷினுக்கு அடியில் வைக்கிற பெரிய தட்டு ஒன்றை 28 டாலருக்கு வாங்கி, நாலு மூலையிலும் செங்கல் அடுக்கி அதன் மேல் கூண்டை ஏற்றினேன். பலகை மெலிசு. செடித்தொட்டிகளின் கனத்தில் நடுவில் தொய்ந்தது. ஓட்டைகள் எல்லாம் ஓரத்தில், தண்ணீர் எல்லாம் நடுவில். நடுவில் ஓட்டை போட்டேன். அடுத்த நாள் தொட்டியை நகர்த்தினேன், தொய்வு இடம் மாறியது. சிரிக்காதீர்கள்.

மூன்றாவது முயற்சிதான் ஒழுங்கானது. பலகைக்கு அடியில் ப்ளைவுட் கொடுத்து, பின்பக்கம் ஒரு ரூலர் கனம் உயர்த்தி முன்பக்கம் சரிவு வைத்தேன். முன் ஓரத்தில் ஒரு அங்குல ஓட்டை, அதில் ரப்பர் வளையத்தோடு ஒரு குழாய் இணைப்பு, கீழே ஐந்து கேலன் பக்கெட். சுற்றிலும் மீன்தொட்டி சிலிக்கான். சிலிக்கானின் வாடை போக ஐந்து நாள் மாயாண்டி பரணில் இருந்த பெட்டிக் கூண்டுக்குக் குடிபோனான். (சரி, 110 டாலருக்கு அந்த மட்டும் பிரயோஜனம்.) ஓட்டை போடும் வட்ட ரம்பம் தனியாக 14 டாலர். தட்டு, ரம்பம், குழாய், சிலிக்கான், ப்ளைவுட் எல்லாம் சேர்ந்து 85. முதலில் இதற்கு நான் போட்ட கணக்கு 15.

பக்கெட்டில் தண்ணீர் அழகாகச் சொட்டியது. மறுநாள் காலை கார்ப்பெட் ஈரம்.

இணைப்பில் ஒழுகுகிறது என்று நினைத்து மறுபடி சிலிக்கான். மறுபடி ஐந்து நாள் குடிபெயர்ப்பு. மறுபடி ஈரம். ரப்பர் வளையத்தை மாற்றினேன், குழாயை மாற்றினேன், ஒரு வாளித் தண்ணீரைப் பலகையில் நேராக ஊற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டுகூடக் கீழே போகவில்லை. ஆனால் காலையில் மட்டும் ஈரம். இது நடப்பதோ விடியுமுன் இருட்டில், அல்லது இரவு விளக்கணைந்த பிறகு. டார்ச் அடித்தால் மாயாண்டி விழித்துக்கொள்கிறான், கறுத்துப்போய் வாயைப் பிளக்கிறான். அதனால் நின்று பார்க்கவும் வழியில்லை.

அந்தச் சமயத்தில்தான் அம்மா திருநெல்வேலியிலிருந்து கூப்பிட்டார். முழுக்கதையும் கேட்டுவிட்டு, “ஏலே, வேலில போற ஓணானப் பிடிச்சி மடியில விட்டுக்கிட்டு, குத்துது கொடையுதுன்னா என்ன செய்ய?” என்றார். இது ஓணான் இல்லைம்மா, பச்சோந்தி என்றேன். “ரெண்டுக்கும் என்ன, துட்டு குடுத்தா வாங்குன?” அக்கா மகன் பின்னாலிருந்து, “மாமா, நம்ம தோட்டத்துலயே ஒண்ணு இருக்கு, பிடிச்சு வளக்கட்டா?” என்று கத்தினான். தொடாதே என்றேன். நம் ஊர்ப் பச்சோந்தி 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, வீட்டில் வைத்திருப்பது குற்றம். அது வேலியிலேயே இருக்கட்டும்.

கண்டுபிடித்தது கோலமாவு. என் மூளை இல்லை, மனைவியுடையது. “எங்கே விழுதுன்னுதானே தெரியணும்?” என்று சொல்லிவிட்டு, செங்கல்லைச் சுற்றி ஒரு கறுப்புக் குப்பைப் பையை வெட்டி விரித்து, அதன் மேல் கோலமாவை மெலிசாகத் தூவிவிட்டாள். அரிசிமாவு இல்லை, கல்மாவு, கரையாது. காலையில் போய்ப் பார்த்தால், புழுதியில் முதல் தூறல் விழுந்த மாதிரி வரிசையாகக் குழிகள். எல்லாம் முன்பக்க இடது மூலையில், ஒரு சாண் நீளத்துக்குள். இணைப்பு இருந்ததோ வலது பக்கம்.

குழிகளுக்கு நேர் மேலே விரலை ஓட்டிக்கொண்டே போனேன். கதவுச் சட்டத்தின் அடியில் ஒரு திருகு, அதன் தலையில் சுண்ணாம்புத் திட்டு. அதற்கு மேலே வலையில் ஒரு வெள்ளைக் கோடு, அப்படியே நாலடி உயரம் ஏறி, இடது நாசிலுக்கு எதிரே போய் முடிந்தது. நாசில் சற்றே கதவுப் பக்கம் திரும்பியிருக்கிறது. வலையில் அடித்த தண்ணீர் உள்ளே சொட்டவில்லை. வலையின் வெளிப்பக்கமாக ஒட்டிக்கொண்டே இறங்கி, சட்டத்தின் அடியைச் சுற்றி, அந்தத் திருகில் சேர்ந்து, தட்டுக்கு அரை அங்குலம் வெளியே விழுந்திருக்கிறது. இரண்டு மாதமாக நான் கூண்டின் காலடியில் படுத்துக்கொண்டு சிலிக்கான் பூசியிருக்கிறேன். கோளாறு தலைமாட்டில்.

நாசிலைக் கால்வட்டம்கூட இல்லை, ஒரு நூல் திருப்பினேன். கதவின் உள்பக்கம் கீழ்ப்பாதியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டினேன், அதன் அடியோரம் பலகைக்கு உள்ளே விழுகிற மாதிரி. அவ்வளவுதான். செலவு பூஜ்யம்.

அந்தச் சுண்ணாம்புக் கோடு இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது: நான் ஊற்றியது குழாய்த் தண்ணீர். நாசில் ஓட்டை அடைபட்டு, தூவல் ஒரு பக்கம் சாய்ந்து அடித்ததற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும். வினிகரில் ஒரு ராத்திரி ஊறவைத்ததும் பழைய மாதிரி புகையாகத் தூவுகிறது. இப்போது கேலன் அரை டாலருக்கு ஆர்.ஓ. தண்ணீர் பிடித்து வருகிறேன். முதல் நாளே இதைச் செய்திருக்கலாம், தெளிப்பானோடு வந்த தாளிலேயே எழுதியிருந்தது.

தீனி பற்றி ஒரு வார்த்தை. கிரிக்கெட் பூச்சி 250 எண்ணம் தபாலில் வரவழைக்க ஏறக்குறைய 20 டாலர். ஜூலையில் ஒரு பெட்டி வந்தது, திறந்தால் பாதிக்கு மேல் கருவாடு. ‘உயிரோடு வந்து சேர உத்தரவாதம்’ வெயில் 95-ஐத் தாண்டினால் செல்லாதாம், சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். டெக்சாஸில் ஜூலையில் 95-ஐத் தாண்டாத நாள் எது? அதனால் டூபியா கரப்பானுக்கு மாறிப் பார்த்தேன். நாற்றம் இல்லை, சத்தம் இல்லை, தானே பெருகும். (ஃபுளோரிடாவில் இருப்பவர்கள் வாங்கிவிடாதீர்கள், அங்கே தடை.) மாயாண்டி ஒரு கண்ணால் அதைப் பார்க்கிறான், மறு கண்ணால் என்னைப் பார்க்கிறான், தின்பதில்லை. பட்டுப்புழு என்றால் மட்டும் நாக்கு ஓரடிக்கு வருகிறது. பூச்சிகளுக்கு நான் போடுவது இந்தியக் கடை முருங்கைக்கீரை. எங்களுக்கு வாங்குவதைவிட அவற்றுக்குத்தான் அதிகம் வாங்குகிறேன்.

மொத்தம் கேட்டீர்களானால்: பரணில் ஏறிய பெட்டியையும் சேர்த்து 910. பல்லி, பாம்பு பார்க்கும் மருத்துவரிடம் ஒரு முறை காட்டி, எச்சத்தில் புழு இருக்கிறதா என்று சோதித்த 95-ஐயும் போட்டால் 1,005. அம்மாவிடம் 200 என்று சொல்லியிருக்கிறேன்.

குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடினால் அறைக் காற்று வறண்டுவிடும் என்பதால், மூன்று பக்க வலையையும் பிளாஸ்டிக் பலகையால் மூடலாமா என்று அளவெடுத்து வைத்திருக்கிறேன். தரையில் ஈரம் பட்டால் கத்தும் சின்ன அலாரம் ஒன்று 12 டாலருக்கு வந்திருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை. பக்கெட்டை மட்டும் நாலு நாளுக்கு ஒரு முறை தூக்கிப்போய் பால்கனிச் செடிகளுக்கு ஊற்றுகிறேன். கறிவேப்பிலைக்கு மட்டும் ஊற்றக் கூடாது என்று வீட்டில் உத்தரவு.