சுட்டிக்குக் காசு: பிப்ரவரி 2010

பிப்ரவரி 3, புதன்

சுட்டிகளைச் சேமித்துப் பகிர்ந்து ஓட்டும் போடும் புதுத் தளம் ஒன்றில் கணக்கு திறந்தாயிற்று. பெயர், மின்னஞ்சல், அடுத்தது ஆட்சென்ஸ் (கூகுளின் விளம்பரச் சேவை) எண். 'பப்', ஒரு சிறுகோடு, பிறகு 16 இலக்கங்கள். சிறுகோட்டை விட்டுவிட்டாலும் படிவம் வாங்கிக்கொள்கிறது, விளம்பரம்தான் வராது. நாம் சேர்க்கும் சுட்டியின் பக்கத்தில் பாதி நேரம் நம் எண்ணில் விளம்பரம் ஓடும், மீதி நேரம் தளத்தின் எண்ணில். ஒப்பந்தம் அவ்வளவுதான்.

உண்மையா என்று பார்க்க, பக்கத்தை நாலைந்து முறை புதுப்பித்து, ஒவ்வொரு முறையும் மூல நிரலில் எண் மாறுகிறதா என்று தேடினால் போதும். அதற்கு மேல் வேண்டாம், செல்லாத பார்வை என்று கூகுள் கணக்கு வைக்கும். விளம்பரத்தின் மேல் கை படவே கூடாது.

பிப்ரவரி 4

சேர்த்த சுட்டிகளைத் திரும்ப இறக்கிக்கொள்ள ஏற்றுமதிப் பொத்தான் எங்கே?

பிப்ரவரி 6, சனி

டெலிஷியஸில் (பழைய சுட்டிச் சேமிப்புத் தளம்) இருந்ததை எல்லாம் இறக்கி இங்கே ஏற்றியாயிற்று. இறக்கும்போது குறிச்சொற்கள், குறிப்புகள் இரண்டுக்கும் டிக் போட வேண்டும். இல்லாவிட்டால் வெறும் முகவரிதான் வரும். கோப்பு அந்தக் கால நெட்ஸ்கேப் உலாவியின் வடிவம்தான். ஒவ்வொரு சுட்டிக்கும் சேர்த்த நேரம் அதில் இருக்கிறது, 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை விநாடி என்ற கணக்கில். புதுத் தளம் தலைப்பை எடுத்துக்கொண்டது, குறிச்சொல்லை எடுத்துக்கொண்டது, நேரத்தைத் தூக்கி எறிந்துவிட்டது. 2006-இல் சேர்த்ததும் இப்போது 'இன்று'.

மூலக் கோப்பை அழிக்கவே கூடாது. இதே போன்ற சுட்டித் தளமான மக்னோலியா போய் ஒரு வருடம்தான் ஆகிறது. 2009 ஜனவரி 30. அரை டெராபைட் அளவுக்குத் தரவுத்தளம். காப்புப்படி இருந்தது, ஆனால் கெட்டுப்போன கோப்பு அப்படியே காப்புப்படியிலும் ஏறியிருந்தது. பொதுவில் வைத்தவற்றில் கொஞ்சத்தைக் கூகுள் எடுத்து வைத்திருந்த நகல்களிலிருந்தும் செய்தியோடைகளிலிருந்தும் மீட்டார்கள். பூட்டி வைத்தவை போனதுதான்.

இங்கே காப்புப்படி எப்படி எடுக்கிறார்கள் என்று எங்கும் எழுதவில்லை. பரிசுப் புள்ளி பற்றி மட்டும் மூன்று பக்கம்.

பிப்ரவரி 9

'தமிழ்' என்று குறிச்சொல் கொடுத்தால் 'தமழ' என்று விழுகிறது.

காரணம் தெரிந்ததுதான். குறிச்சொல்லைச் சுத்தம் செய்யும் நிரல், யூனிகோடில் 'எழுத்து' வகையில் உள்ளதை மட்டும் விட்டுவைக்கிறது. கொம்பும் காலும் புள்ளியும் அந்த வகையில் வராது, 'சேர்குறி' என்று தனி வகை. ஆக எல்லாம் உதிர்கிறது. இலக்கியம் 'இலககயம'. கலை, கொலை, கல் மூன்றும் ஒரே 'கல'. சேர்குறி வகையையும் அனுமதித்தால் சரியாகும், ஒரு வரி மாற்றம். தளத்தாருக்கு எழுதிப் போட்டிருக்கிறது. அதுவரை ஆங்கிலக் குறிச்சொல்.

பிப்ரவரி 11

ஜிமெயிலுக்குள் கூகுளின் புது அரட்டைப் பகிர்வுச் சேவை 'பஸ்' (Buzz) வந்துவிட்டது. இன்று ஒருத்தரும் இந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

பிப்ரவரி 12, வெள்ளி

தமிழ் விக்கிப்பீடியா சுட்டிகள் பாதியில் அறுகின்றன. எழுத்தைக் கணினியில் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். சதவீதக் குறி போட்டு முகவரியாக எழுதும்போது பைட்டுக்கு 3 இடம், ஆகக் குறிக்கு 9 இடம். 'தமிழ்' என்பது த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று 5 குறி, 45 இடம். இவர்கள் முகவரிக்கு ஒதுக்கியது 255. விக்கிப்பீடியா முகவரியின் முன்பகுதிக்கே 29 போனால் மிச்சத்தில் 25 குறிதான் கொள்ளும். கொஞ்சம் நீளமான கட்டுரைத் தலைப்பு என்றால் தீர்ந்தது. சேமிக்கும்போது பிழை காட்டாமல் வெட்டிவிடுவதுதான் எரிச்சல். சேமித்த கையோடு ஒருமுறை சொடுக்கிப் பார்க்க வேண்டும். இல்லை, குறுஞ்சுட்டியாக்கிப் போட வேண்டும். அந்தக் குறுக்கும் தளம் மூடினால் அதுவும் போச்சு.

பிப்ரவரி 14, ஞாயிறு

முதல் பக்கம் முழுக்க மொய் ஓட்டு. நீ எனக்கு வை, நான் உனக்கு வைக்கிறேன். ஓட்டுக்குப் புள்ளி என்றால் படிக்காமலே குத்துவார்கள், இதில் ஆச்சரியம் ஏது? 2006-இல் நெட்ஸ்கேப் தளம் வேறு வழி பார்த்தது. டிக் (Digg) போன்ற ஓட்டுத் தளங்களில் முன்னணியில் இருந்தவர்களை மாதம் 1,000 டாலர் தருகிறோம் என்று கூப்பிட்டது. ஓட்டுக்கு இல்லை, நல்ல சுட்டி தேடிக் கொண்டுவரும் வேலைக்குச் சம்பளம். அது கொஞ்சம் நியாயம்.

தமிழ்ச் சுட்டிகளுக்கு இங்கே காசும் பேராது. ஆட்சென்ஸின் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. பொதுநல விளம்பரம் வந்து நிற்கும், அதற்குப் பைசா கிடையாது.

பிப்ரவரி 16

வெளிச்சுட்டி எல்லாவற்றிலும் நோஃபாலோ. 'இந்தச் சுட்டியைத் தர வரிசைக்குக் கணக்கில் எடுக்காதே' என்று தேடுபொறிக்குச் சொல்வது, 2005-இலிருந்து கூகுள் மதிக்கும் குறி அது. தேடலில் மேலே ஏறலாம் என்று சொந்தப் பதிவுகளைக் கொண்டுவந்து கொட்டுகிறவர்கள் ஒருமுறை மூல நிரலைத் திறந்து பார்க்கலாம்.

பிப்ரவரி 18

ஏற்றுமதி பற்றிக் கேட்டதற்குப் பதில்: 'விரைவில்'.

பிப்ரவரி 20, சனி

ஆட்சென்ஸில் 'அனுமதித்த தளங்கள்' பட்டியல் போட்டிருப்பவர்கள் இந்தத் தளத்தையும் அதில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் விளம்பரம் ஓடும், வரவு வராது. ஆட்சென்ஸ் கணக்கில் இந்தத் தள முகவரிக்கென்று ஒரு 'முகவரிச் சேனலும்' திறந்துவிட்டால் இங்கிருந்து வருவது தனியாகத் தெரியும். 10 டாலர் சேர்ந்தால்தான் நம் முகவரியைச் சரிபார்க்கும் பின் (PIN) எண் தபாலில் கிளம்பும். 100 சேர்ந்தால்தான் காசோலை. இன்றைய வரவு 0.00.

பிப்ரவரி 22, திங்கள்

குறிச்சொல்லில் புள்ளி நிற்கிறது, திருத்திவிட்டார்கள். பழையவை மட்டும் அப்படியே. 'கல' என்று கிடப்பதை ஒவ்வொன்றாகத் திறந்து கலை எது, கொலை எது என்று பிரிக்க வேண்டும். மொத்தமாக மாற்ற வழி இல்லை. முதல் பக்கத்தில் எட்டுக் கொலை.