இடது கைப் பிள்ளைக்குப் புல்லாங்குழல்: நாங்கள் பட்ட பாடு

எட்டு மாதம் வீணாகப் போனது. அதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் இருந்துகொண்டு, இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளையைக் குழல் வகுப்பில் சேர்க்க நினைப்பவர்கள் யாராவது இருந்தால், சேர்ப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

மகளுக்கு 7 வயதில், ஈப்போ கல்லுமலைக் கோயில் தைப்பூசத்தில் 10 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு மூங்கில் குழல் வாங்கிக் கொடுத்தோம். வாங்கிய நிமிஷமே வாயில் வைத்தாள், குழலின் வால் இடது தோள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுதுவது, பந்து எறிவது எல்லாமே அவளுக்கு இடது கைதான். மாமியார் மட்டும், "நொட்டாங்கைப் பக்கமா ஊதுறியே கண்ணு, சோத்தாங்கைப் பக்கம் புடி" என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தார். கோயிலில் கேட்ட பஜனைப் பாட்டை அவள் அதிலேயே தேடிப் பிடித்து ஊத ஆரம்பித்ததும், அவரும் வாசல் படியில் உட்கார்ந்து கேட்கத் தொடங்கிவிட்டார். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

9 வயதில் முறையாகக் கற்கட்டும் என்று சனிக்கிழமை வகுப்பில் சேர்த்தோம். முதல் நாளே ஆசிரியர் அவள் கையிலிருந்து குழலை வாங்கி, வலப்பக்கம் திருப்பிக் கொடுத்தார். "குழல் என்றால் இந்தப் பக்கம்தான். பழகிக்கொள்ளும்." சரி, தெரிந்தவர் சொல்கிறார் என்று நானும் இருந்துவிட்டேன்.

எட்டு மாதம் சத்தமே வரவில்லை. கர்நாடகக் குழலில் முதல் இரண்டு துளைகளை மூடி ஊதினால் ச, அதாவது ச ரி க மவின் முதல் ஸ்வரம். அந்தச் ச கூட அவளுக்கு வெறும் காற்றாகத்தான் வந்தது. வலது கைச் சுண்டுவிரல் ஏழாவது துளைக்கு எட்டாது. எட்டினால் மற்ற விரல்கள் விலகிவிடும். வகுப்பு முடிந்து காடியில் ஏறியதும், அந்தச் சுண்டுவிரலை இடது கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அவளோடு சேர்ந்த பிள்ளைகள் ஸ்வரங்களை இரட்டை இரட்டையாக வாசிக்கும் ஜண்டை வரிசைப் பாடத்துக்குப் போய்விட்டார்கள்.

ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பின் அறையிலிருந்து குழல் சத்தம், கொஞ்சமும் பிசிறில்லாமல் வந்தது. எட்டிப் பார்த்தால், அந்தத் தைப்பூசக் குழலை எடுத்து இடப்பக்கமாக வைத்து ஊதிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். தப்பு செய்தவள் மாதிரி அவள் முழித்ததை என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமையே ஆசிரியரிடம் பேசினேன். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். குழலில் இரண்டு கைக்கும் வேலை இருக்கிறது. வலப்பக்கம் பிடித்தால் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் இடது கைக்குத்தான் நுணுக்கமான வேலை நிறைய. அதனால் எத்தனையோ இடது கைக்காரர்கள் வலப்பக்கமே சுலபமாகப் பழகிவிடுகிறார்கள். "பள்ளியில் ரெக்கார்டரை எல்லோரையும் போலத்தானே ஊதுகிறாள்?" என்றும் கேட்டார். உண்மைதான், ஊதுகிறாள். ஆனால் ரெக்கார்டர் நேராக நிற்கும் கருவி, உதட்டை வைத்து ஊதினால் போதும், சத்தம் தானாக வரும். புல்லாங்குழலில் கழுத்து ஒரு பக்கம் திரும்ப வேண்டும், உதட்டிலிருந்து போகும் காற்று துளையின் எதிர் விளிம்பில் சரியாகப் பட வேண்டும். இரண்டு வருஷமாக ஒரு பக்கம் பழகிய உதட்டையும் கழுத்தையும் ஏன் மாற்ற வேண்டும்?

இந்துஸ்தானிக் குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியா இடப்பக்கமாக வாசிக்கும் காணொளியைக் கைப்பேசியில் காட்டினேன். அவர் முதலில் வலப்பக்கம் வாசித்தவர். தன் குரு அன்னபூர்ணா தேவியிடம் ஆரம்பத்திலிருந்து கற்கவேண்டும் என்பதற்காகவே பக்கத்தை மாற்றிக்கொண்டவர். ஆசிரியர் பார்த்துவிட்டு, "அது இந்துஸ்தானி" என்றார். அப்புறம், "மேடையில் பார்க்க நன்றாக இருக்காது" என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகு எனக்குப் பேச ஒன்றுமில்லை. மாதக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம்.

அடுத்த அடி ஈப்போவில் ஒரு கடையில். இடது கைக்குக் குழல் வேண்டும் என்றேன். "அது தனி மாடல், இந்தியாவிலிருந்து வரவேண்டும், 180 வெள்ளி, பாதி முன்பணம்" என்றார் கடைக்காரர். சாதாரணக் குழல் 60 வெள்ளி. ஆறு வாரம் என்றவர் பத்து வாரம் ஆக்கினார். வரச் சொன்ன நாளில் வேலைக்கு லீவு போட்டுப் போனால், கடையில் இருந்த பையனுக்கு விஷயமே தெரியவில்லை. மறுபடி போய் வாங்கி வந்து, வகுப்புக் குழலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டும் 5 கட்டை, அதாவது ஒரே சுருதி. துளைக்குத் துளை ஒரே அளவு, ஒரே இடம். தனி மாடல் என்று எதுவும் இல்லை. அதைவிட மோசம், இடப்பக்கம் திருப்பி ஊதினால் உஸ்ஸென்று காற்றுதான் அதிகம் வந்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோது ரசீதைக் காட்டச் சொன்னார். அதில் 'குழல் 1' என்று மட்டும் இருந்தது, இடது கை என்று ஒரு எழுத்துகூட இல்லை. பணம் போனது போனதுதான்.

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கர்நாடகக் குழலில் ஊதும் துளை ஒன்று, விரல் துளைகள் எட்டு, அதில் எட்டாவதை மூடுவதே இல்லை. விரலால் அழுத்தித் துளையை மூடும் சாவி, நெம்பு எதுவும் கிடையாது. எல்லாத் துளைகளும் ஒரே கோட்டில் இருந்தால் அதே குழலைத் திருப்பிப் பிடித்து வாசிக்கலாம், கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. பார்க்க வேண்டியது ஊதும் துளையைத்தான். திருப்பிப் பிடிக்கும்போது காற்று மறுபக்க விளிம்பில் படும். சில குழல்களில் ஒரு பக்க விளிம்பை மட்டும் கூராகச் சீவி, மறுபக்கத்தை மழுங்கலாக விட்டிருப்பார்கள். வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய குழல்களில் கடைசித் துளைகளை வலது கை விரலுக்கு வசதியாகக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருப்பதும் உண்டு. அப்படிப்பட்டது வேண்டாம். முக்கியமாக, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் கடையிலேயே ஊதச் சொல்லுங்கள். நாங்கள் அப்புறம் வாங்கியது சாதாரண 60 வெள்ளிக் குழல்தான்.

பள்ளி பேண்டில் வாசிக்கும் உலோகப் புல்லாங்குழல் விஷயம் வேறு. 1847இல் தியோபால்ட் போம் என்ற ஜெர்மானியர் அமைத்த முறையில் அதில் சாவிகள் எல்லாம் வலப்பக்கம் பிடிப்பதற்கென்றே இருக்கின்றன. அதைத் திருப்ப முடியாது, இடப்பக்கத்துக்கு வேண்டுமானால் தனியாகச் செய்யச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

புது ஆசிரியை ஈப்போவில் கிடைத்தார். அவர் வலப்பக்கம் வாசிப்பவர். முதல் நாள் மகளை எதிரே உட்கார வைத்து, "என்னைக் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி பார்த்துச் செய்மா" என்றார். அவ்வளவுதான். அவர் குழலும் இவள் குழலும் ஒரே திசையில் நின்றன, விரலுக்கு விரல் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். குழலுக்கு இயல்பாக வரும் ஹரிகாம்போதி ராகத்தில் தொடங்கி, பாதித் துளை மூடும் மாயாமாளவகௌளை ராகத்துக்கு நான்கே மாதத்தில் வந்துவிட்டாள்.

நடுவில் ஒரு தவறு நடந்தது. மத்தியானம் வெயிலில் நிறுத்திய காடிக்குள் குழலை விட்டுவிட்டோம். திரும்பி வந்து பார்த்தால் வால் பக்கம் மயிரிழை போல ஒரு வெடிப்பு. ஆசிரியை நூலை இறுக்கிச் சுற்றிக் கட்டி அதைக் காப்பாற்றினார். காடியில் மட்டும் குழலை விடாதீர்கள்.

போன நவராத்திரிக்குக் கோயிலில் ஐந்து பிள்ளைகள் சேர்ந்து வாசித்தார்கள். ஒத்திகையில் உயரம் பார்த்து இவளை நடுவில் உட்கார வைத்தார்கள். இவள் குழலும் பக்கத்துப் பையன் குழலும் டக்கென்று இடித்துக்கொண்டன. ஏற்பாட்டாளர் ஒருவர், "இன்னைக்கு ஒரு நாள் வலது பக்கம் புடிக்கச் சொல்லுங்களேன்மா" என்றார். இந்த முறை நான் சும்மா இருக்கவில்லை. "முடியாது அண்ணே, அவளை ஓரத்தில் உட்கார வையுங்கள்" என்றேன். அவளுக்கு இடப்பக்கம் ஆள் இல்லாத ஓரத்தில் உட்கார வைத்ததும் யாருக்கும் எந்த இடைஞ்சலும் இல்லை. மலஹரி ராக கீதத்தை முழுதாக வாசித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அடுத்து 3 கட்டைக் குழல் வாங்க வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். அது நீளம், விரலை இன்னும் அகட்ட வேண்டும். பள்ளி விடுமுறை வரட்டும் என்று காத்திருக்கிறோம். கடைக்கு அவளும் வருகிறாள், அவள் ஊதிப் பார்த்த பிறகுதான் பணத்தை எடுப்பேன்.