நொதியம் நின்றால் மட்டும் காசநோய் மருந்தாகாது

மூலிகைச் சாறு காசநோய்க் கிருமியின் ஐஎன்எச்ஏ நொதியத்தைத் தடுத்துவிட்டது, எனவே மருந்து கிடைத்துவிட்டது. திருகோணமலை கோணேசபுரியில் சித்த மருத்துவம் படிப்பவர்கள் ஆய்வில் இறங்கினால் முதலில் தவிர்க்கவேண்டியது இந்த அவசர முடிவைத்தான்.

கிருமியின் கலச்சுவருக்கு வேண்டிய மைக்கோலிக் அமிலத்தைத் தொகுக்க உதவுவது ஐஎன்எச்ஏ. அது இயங்கும்போது என்ஏடிஎச் என்ற துணைநொதியம் செலவாகும். என்ஏடிஎச் ஒளியை உறிஞ்சும் 340 நனோமீற்றரில் அந்த உறிஞ்சல் இறங்கும் வேகத்தை அளக்கிறோம். சிக்கல் இங்கேதான். நிறமுள்ள சாறு அதே அலைநீளத்தில் தானும் ஒளியை உறிஞ்சும். சாற்றின் துவர்ப்புப் பொருள்களான தனின்களோ எந்தப் புரதத்திலும் ஒட்டும். சோதனைத் தட்டில் நொதியம் இடாத கிணறு (சிறு குழி) ஒன்று கட்டாயம் வேண்டும். துணிக்கைகள் திரள்வதைக் குலைக்கும் சவர்க்காரப் பொருளான ட்ரைற்றன் எக்ஸ்-100 ஐ 0.01% சேர்த்தும் ஒருமுறை பாருங்கள். தடை மறைந்தால், திரண்ட துணிக்கைகள்தான் நொதியத்தைப் பிடித்துவைத்திருந்திருக்கும். ஒப்பீட்டுக்குக் காசநோய் மருந்தான ஐசோனியாசிட் உதவாது. கிருமியின் காட்ஜி நொதியம் மாற்றிக்கொடுத்தால்தான் அது வேலைசெய்யும். ஐஎன்எச்ஏயை நேரடியாகத் தடுக்கும் ட்ரைக்ளோசன் இடுங்கள்.

அடுத்தது உயிருள்ள கிருமி. ஆய்வுகளில் பயன்படும் காசநோய்க் கிருமியான எச்37ஆர்வி இனத்துக்கு மூன்றாம்நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வுகூடம் தேவை. அதன் உறவான, வேகமாக வளரும் ஸ்மெக்மாற்றிஸ் கிருமியில் தொடங்கலாம். ஆனால் நல்ல சேர்மங்கள் சில அதில் தவறிப்போகும். 96 கிணற்றுத் தட்டின் ஓரக் கிணறுகளில் 200 மைக்ரோலீற்றர் கிருமிநீக்கிய நீர் நிரப்புங்கள். காசநோய்க் கிருமிக்கு 37 பாகையில் ஏழு நாள் வைக்கவேண்டியிருப்பதால் ஓரம் காய்ந்துவிடும். பிறகு ரெசசூரின் சாயம்: நீலம் நின்றால் வளர்ச்சி இல்லை, இளஞ்சிவப்பானால் வளர்ச்சி. ஒட்சியேற்றத் தடுப்பிகள் நிறைந்த சாறு கிருமியே இல்லாமலும் இளஞ்சிவப்பாக்கும். நல்ல சாறு வீணானதென்று ஒதுக்கப்படுவது இப்படித்தான். கிருமி இடாமல் சாறும் ரெசசூரினும் மட்டும் கொண்ட கிணறு இதைக் காட்டிக்கொடுக்கும்.

திருமலையின் ஈரக்காற்றில் திறந்துவைத்த டிஎம்எஸ்ஓ கரைப்பான் தண்ணீரை இழுத்துக்கொள்ளும்; கரைந்திருந்த சேர்மம் படியும், செறிவு பொய்யாகும். சிறு குப்பிகளாகப் பிரித்து -20 பாகையில் வையுங்கள். கிணற்றில் டிஎம்எஸ்ஓவின் அளவு 1% தாண்டக்கூடாது.

சாறு உடலுக்குப் பாதுகாப்பானதா என்று பார்க்கக் குரங்குச் சிறுநீரக வீரோ கலங்களும் மனித ஹெப்ஜி2 ஈரல் கலங்களும். பாதிக் கலங்களைக் கொல்லும் செறிவு, கிருமியைத் தடுக்கும் மிகக்குறைந்த செறிவைப்போல 10 மடங்குக்கு மேல் இருந்தால் தொடரலாம். உயிருள்ள கலங்களைக் காட்டும் எம்ரிரி சாயத்தையும் சாறு தானே மாற்றும், ஆகவே கலங்களைக் கழுவிவிட்டு இடுங்கள். ஹெப்ஜி2 இல் மருந்தை மாற்றும் நொதியங்கள் குறைவு. அதில் தேறியது ஈரலுக்கு நல்லதென்று சொல்லமுடியாது. காசநோய்க் குளிசைகளான ஐசோனியாசிட், றிஃபாம்பிசின், பிரசினமைட் மூன்றுமே ஈரலைப் பாதிக்கக்கூடியவை. அந்தக் குளிசைகளோடு மாதக்கணக்கில் சேரப்போகும் மருந்து இன்னொரு சுமையாகக்கூடாது.

இதயமும் உண்டு. 2012 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற காசநோய் மருந்தான பெடாகுயிலினும் நொதியத் தடுப்பிதான், கிருமியின் சக்தி மூலக்கூறான ஏரிபியை ஆக்கும் நொதியத்தைத் தடுப்பது. அது ஈசிஜியில் கியூரி (QT) இடைவெளியை நீட்டும்; இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம். அதனால் தூய சேர்மம் கைக்கு வந்ததும், விலங்குச் சோதனைக்கு முன்பே, இதயக் கலங்களின் ஹேர்க் (hERG) பொட்டாசியக் கால்வாயில் சோதித்துவிடுங்கள்.