பன்னிரண்டு மணிக்கு நிரம்பும் கிடங்கு

நாங்கள் செய்கிற விண்வெளி ஆன்லைன் கேமில் ராத்திரி சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் சின்ன நிரல், ஓடும். எழுதியது நான்தான். விண்வெளியில் இருக்கிற எல்லா ஸ்டேஷன்களின் கிடங்கையும் அது பழையபடி நிரப்பிவிடும். எரிபொருள், தாது, உணவு, உதிரிபாகம் எல்லாம் முந்தின நாள் இருந்த அதே அளவுக்கு வந்துவிடும். சரக்கு தீர்ந்து பிளேயர்கள் ஏமாந்து போகக் கூடாது என்று நினைத்துச் செய்தது.

சென்னையில் உள்ள ஒரு சின்ன கேம் நிறுவனத்துக்காகப் பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மொத்தம் ஆறு பேர். நான் சேர்ந்தபோதே கேம் கண்ணுக்கு அழகாக இருந்தது. வந்தவர்கள் ஒரு வாரம், பத்து நாள் ஆடுவார்கள், அப்புறம் வரமாட்டார்கள். ஆள் நிற்கவில்லை என்றதும் நாங்கள் புதுக் கப்பல், புது ஆயுதம், புது நட்சத்திர மண்டலம் என்று சேர்த்துக்கொண்டே போனோம். கேம் அகலமானது. ஆழம் மட்டும் முழங்கால் அளவிலேயே நின்றது.

ஒரு நாள் சர்வர் லாக்கை, அதாவது கேமில் யார் என்ன செய்தார்கள் என்ற பதிவை, பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிளேயர் ஒரே வாரத்தில் 312 சரக்குக் கப்பல்களைச் சுட்டிருந்தார். எல்லாம் ஒரே ஸ்டேஷனுக்கு எரிபொருள் கொண்டுபோன கப்பல்கள். எட்டாம் நாள் அதே ஸ்டேஷனில் போய் இறங்கியிருக்கிறார். எரிபொருள் நிரப்பியிருக்கிறார், வழக்கமான விலைக்கு. கப்பலைப் பழுது பார்த்திருக்கிறார். 'வணக்கம் கேப்டன்' என்று ஸ்டேஷன் அவரை வரவேற்றிருக்கிறது. அந்த வரியைப் படித்தபோது மனசு ரொம்பச் சங்கடப்பட்டது. அவர் மேல் குறை இல்லை. அந்த 312 கப்பல்கள் வராமல் போனதை அந்த உலகத்தில் ஒருவரும் உணரவில்லை. உணரவிடாமல் செய்தது என் ஸ்கிரிப்ட்.

விளைவு எப்படி நகரும் என்பது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு. அதில் பழவூர் அணைக்கட்டிலிருந்து பிரிவது பாளையங்கால்வாய். எங்களுக்கு அதன் கடைமடையில் கொஞ்சம் வயல் இருந்தது. பத்தாவது படிக்கும்போது, பிசானப் பருவ நெல் பொதி கட்டுகிற சமயம், ஒரு ராத்திரி அப்பாவோடு டார்ச் எடுத்துக்கொண்டு கால்வாய்க்கரையில் மேலே நடந்தேன். இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை. வெகுதூரம் போன பிறகு ஓரிடத்தில் வைக்கோலும் களிமண்ணும் வைத்துக் கால்வாயை முக்கால்வாசி அடைத்திருந்தார்கள். மேலே கணுக்கால் முங்கத் தண்ணீர், கீழே சேறு. அப்பா மண்வெட்டியால் கொத்த, நான் கையால் வைக்கோலைப் பிடுங்கினேன். தண்ணீர் என் விரல் இடுக்கில் முதலில் கசிந்து, அப்புறம் இழுத்துக்கொண்டு போனது. எங்கள் வயலுக்கு அது வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆனது. அடைத்தவர் எங்களை ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டார்.

மேலே ஒருவர் கை வைத்தால், அதன் விளைவு தாமதமாக வேறு ஒருவர் வாசலில் போய் நிற்கிறது. கேமில் எங்களிடம் இல்லாதது அந்த வழியும் அந்தத் தாமதமும்தான். வழக்கமாகத் தப்பு செய்தவன் தலையில் உடனே ஏதாவது இறக்குவோம். அதுவும் பழைய வழிதான். 1984-ல் டேவிட் பிராபனும் இயன் பெல்லும் செய்த எலைட் என்ற விண்வெளி கேமிலேயே, வணிகக் கப்பலைச் சுட்டால் உங்கள் பேர் கெட்டுப்போகும், போலீஸ் கப்பல் துரத்தும். ஆனால் அது சுட்டவனோடு முடிந்துவிடுகிறது.

சரி என்று ஸ்கிரிப்டை நிறுத்தினேன். ஒவ்வொரு ஸ்டேஷனும் தினமும் எரிபொருளைச் செலவழிக்கும், வரவு கப்பலில் வந்தால்தான் உண்டு. மகேந்திரகிரி அடிவாரத்தில் இஸ்ரோ எஞ்சின்களை எரித்துப் பரிசோதிக்கிற ஊர்ப்பக்கத்தில் இருந்துகொண்டு, எரிபொருளைக் கேமில் தீராத பொருளாக வைத்திருந்தது எனக்கே பொறுக்கவில்லை. கப்பல் வராவிட்டால் முதலில் விலை ஏறும். மூன்றாம் நாள் பழுது பார்க்கும் பட்டறை மூடும். அடுத்து காவல் கப்பல்கள் கிளம்பாது. அதற்குள் அந்த ஸ்டேஷனை நம்பியிருக்கிற பக்கத்துச் சுரங்கம் நின்றுபோகும்.

முதல் தடவை மொத்தமும் சரிந்தது. பதினோரு நாளில் ஓரத்து ஸ்டேஷன்கள் எல்லாம் செத்துவிட்டன. புதிதாகச் சேர்ந்தவர்கள் எரிபொருள் இல்லாமல் நடுவெளியில் நின்றார்கள். அடைப்பதற்கு வழி வைத்த நான், அடைப்பைத் திறந்துவிட வழி வைக்கவில்லை. பற்றாக்குறை வந்த ஸ்டேஷன் மற்ற பிளேயர்களைக் கூப்பிட்டுக் கூடுதல் கூலி சொல்லும்படி மாற்றினோம். அந்த வாரம்தான் முதல்முறையாகச் சரக்கு ஓட்டுவதற்கென்றே ஒரு கூட்டம் சேர்ந்தது. சுட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர் கூலிக்குக் காவல் போனார்கள். இதை நாங்கள் எழுதி வைக்கவில்லை, அவர்களாகவே கண்டுபிடித்தார்கள். எத்தனை மாதம் கிரகங்களைச் சேர்த்தும் வராத உயிர் அது.

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-ல் வெளியிட்ட ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி கேமைப் பற்றி அப்போது நிறையப் படித்தேன். அங்கே வெடித்த கப்பல் போனதுதான். இன்ஷூரன்ஸ் கொஞ்சம் வரும், கப்பல் திரும்பாது. 2014 ஜனவரி 27-ல் பி-ஆர்5ஆர்பி மண்டலத்தில் தொடங்கிய சண்டை சுமார் 21 மணி நேரம் நடந்து டைட்டன் என்கிற மிகப் பெரிய கப்பல்கள் 75 அழிந்தன. அழிந்த கப்பல்கள் எத்தனை லட்சம் டாலர் பெறும் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது அதன் தொடக்கம். அந்த மண்டலத்தை வைத்திருப்பதற்கான கட்டணம் நேரத்துக்குக் கட்டப்படவில்லை, உரிமை போனது, எதிராளிகள் நுழைந்தார்கள். ஒரு பில் இவ்வளவு தூரம் போகிறதே என்று வியந்து, நானும் ஒரு விதி எழுதினேன். பிளேயர்கள் கட்டிய ஸ்டேஷனுக்கு 72 மணி நேரம் எரிபொருள் ஊற்றாவிட்டால் கவசம் அணையும், யாரும் பிடிக்கலாம்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தண்ணீர் புகுந்தது. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. லேப்டாப்பைப் பரணில் வைத்துவிட்டு ஆச்சியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கேம் நினைப்பே இல்லை.

கரண்ட் வந்து லாக்-இன் செய்தபோது ஒரு மெசேஜ் இருந்தது. "அண்ணே, இன்னைக்குத்தான் கரண்ட் வந்துச்சு. எங்க ஸ்டேஷன் எங்கண்ணே?" குழுத் தலைவர் அவர், ஸ்ரீவைகுண்டம் பக்கம். எரிபொருள் கிடங்கின் சாவி அவரிடம் மட்டும் இருந்தது. ஏழு மாதமாகப் பலர் சேர்ந்து கட்டியது. 72 மணி நேரம் தாண்டி, கவசம் அணைந்து, வேறு குழு முறைப்படி பிடித்துவிட்டது.

பேக்கப் எடுத்து பழையபடி வைத்துவிடலாம் என்றார் எங்கள் மேனேஜர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிடித்தவர்கள் தப்பு செய்யவில்லை. அவர்கள் உழைப்பை அழித்தால் மறுபடியும் பன்னிரண்டு மணி ஸ்கிரிப்ட்தான். ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கிற மனிதனிடம் விளைவு என்று பேச எனக்கு வாய் வரவில்லை. அவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லையே. அவர் செய்த செயலிலிருந்து வந்த நஷ்டம் என்றால் அவர் சுமப்பார், அவரால் வர முடியாமல் போனதிலிருந்து வந்ததை எந்தக் கணக்கில் வைப்பது? கடைசியில் ஸ்டேஷனைத் திருப்பவில்லை, கட்டுமானப் பொருளை மட்டும் முழுசாகக் கொடுத்தோம். சாவியை இன்னும் இருவரிடம் ஒப்படைக்கவும், ஒரு ஊரே இணைப்பில்லாமல் போனால் கடிகாரத்தை நிறுத்தவும் விதியை மாற்றினோம். செய்தது சரிதானா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

பொங்கல் கழித்து அவர் குழு வேறொரு நட்சத்திரத்தில் புது ஸ்டேஷன் கட்டியது. அதற்கு வைத்த பேர் குறுக்குத்துறை. ஆற்றுக்குள்ளேயே இருக்கிற முருகன் கோயில். வெள்ளம் வரும் என்றால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், தண்ணீர் கோபுரத்தைச் சுற்றி ஓடி வடிந்ததும் திரும்பக் கூட்டி வருவார்கள். முதல் எரிபொருள் கப்பல் அந்த ஸ்டேஷனில் சேர்ந்தபோது லாக்கில் ஓட்டியவர் பேரைப் பார்த்தேன். அந்த 312 கப்பல்களைச் சுட்டவர்.