ஏஆர் 3ஏ ஸ்பீக்கருக்குப் புது கப்பாசிட்டர்: செய்து பார்த்ததில் தெரிந்தவை

நியூஜெர்சியில் ஒரு எஸ்டேட் சேலில், அதாவது ஒரு வீட்டின் பொருட்களையெல்லாம் விற்கும் விற்பனையில், கிடைத்த ஜோடி இது. இடது பெட்டியில் தம்புரா போட்டால் ரீங்காரம் இழை இழையாகப் பிரிந்து கேட்டது, வலதில் மொத்தமாக மழுங்கிப் போயிருந்தது. ட்வீட்டர், அதாவது மேல் ஸ்தாயி ஒலியைத் தரும் சின்ன ஸ்பீக்கர், போயிருக்கும் என்று விற்றவரே சொன்னார். விலை குறைந்ததும் அதனால்தான். ட்வீட்டர் போகவில்லை என்பது அப்புறம் தெரிந்தது.

ஏஆர் என்றால் அக்கூஸ்டிக் ரிசர்ச். எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் 1954ல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் தொடங்கிய நிறுவனம். பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்து, உள்ளே இருக்கும் காற்றையே, கீழ் ஸ்தாயி ஒலியைத் தரும் வூஃபருக்கு ஸ்பிரிங்காக்கியது வில்ச்சரின் யோசனை. அதுவரை அந்த அளவு பேஸ் வேண்டுமென்றால் அலமாரி போன்ற பெட்டி வேண்டும். 3ஏ வந்தது 1967ல். 12 அங்குல வூஃபர், நடு ஒலிக்கு ஒன்றரை அங்குல டோம் (குவிமாட வடிவ) மிட்ரேஞ்ச், முக்கால் அங்குல டோம் ட்வீட்டர். ஒலியை இந்த மூன்றுக்கும் பங்கிட்டு அனுப்பும் சர்க்யூட்டான கிராஸ்ஓவர் பிரிக்கும் இடங்கள் 575 ஹெர்ட்ஸும் 5000 ஹெர்ட்ஸும். ஒரு பெட்டி 24 கிலோ இருக்கும், மாடிப்படியில் தனியாகத் தூக்க நினைக்க வேண்டாம்.

கிராஸ்ஓவரில் மூன்று கப்பாசிட்டர்கள், மேல் அதிர்வெண்களைக் கடத்திக் கீழ் அதிர்வெண்களைத் தடுக்கும் பாகங்கள். ட்வீட்டருக்குத் தொடரில் 6 மைக்ரோஃபாரட் (கப்பாசிட்டரை அளக்கும் அலகு), மிட்ரேஞ்சுக்குத் தொடரில் 50, வூஃபருக்கு இணையாக 150. மூன்றும் எலெக்ட்ரோலிட்டிக் வகை, ஆனால் பிளஸ் மைனஸ் கிடையாது. பவர் சப்ளையில் போடும் சாதாரண எலெக்ட்ரோலிட்டிக்கை இங்கே போட்டுவிடக் கூடாது, ஆடியோ சிக்னல் இரண்டு பக்கமும் ஆடும். இந்த வகை கப்பாசிட்டருக்குள் ஈரமான ரசாயனம் இருக்கிறது. அரை நூற்றாண்டில் அது மெல்லக் காய்கிறது. காய்ந்தால் உள்தடை, அதாவது இஎஸ்ஆர், ஏறும். கசிவு கூடினால் மீட்டரில் கப்பாசிட்டன்ஸ் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். "அளந்து பார்த்தேன், குறையவே இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது" என்று பலர் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். வெறும் மல்டிமீட்டர் போதாது. இஎஸ்ஆர் காட்டும் எல்சிஆர் மீட்டர் வேண்டும், கப்பாசிட்டரின் ஒரு காலையாவது சர்க்யூட்டிலிருந்து பிரித்துவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

எடுத்தவுடன் கப்பாசிட்டரில் கைவைக்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். இந்த ஸ்பீக்கரின் பின்பக்கம் இரண்டு பாட், அதாவது ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு, இருக்கும், ஒன்று மிட்ரேஞ்சுக்கு, ஒன்று ட்வீட்டருக்கு. கம்பிச்சுற்றின் மேல் ஒரு உலோக நாக்கு உரசி நகரும் பழைய ரகம். அந்த உரசும் இடத்தில் களிம்பு ஏறும். ஏஆர் ஸ்பீக்கர்களில் ட்வீட்டர் செத்துவிட்டது என்று சொல்லப்படும் கதைகளில் பாதிக்கு மேல் இந்தப் பாட்டின் கதைதான் என்பது என் கணிப்பு. பாட், கப்பாசிட்டர் இரண்டையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டால் எது எவ்வளவு செய்தது என்று எப்படித் தெரியும்? அதனால் முதலில் பாட், அளவு, அப்புறம் கப்பாசிட்டர், மறுபடி அளவு.

அளப்பதற்கு ஒரு யூஎஸ்பி மைக். ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றி ஒரே இடத்தில் வைத்து, மைக்கை ட்வீட்டருக்கு நேராக ஒரு மீட்டர் தள்ளி வைத்துக்கொண்டேன். தொடக்கத்தில் 8000 ஹெர்ட்ஸுக்கு மேலே வலது பெட்டி இடதைவிட 4 டெசிபெல் குறைவு.

வூஃபரைக் கழற்றினால்தான் எதையும் தொட முடியும். உள்ளே கண்ணாடி இழைப் பஞ்சு. கையுறை, முகக்கவசம் இரண்டும் கட்டாயம், முழுக்கைச் சட்டை போட்டால் இன்னும் நல்லது. அந்தப் பஞ்சின் அளவும் பேஸைத் தீர்மானிக்கிறது, அதனால் ஒவ்வொரு பெட்டியின் பஞ்சையும் தனித்தனிப் பையில் போட்டுவைத்தேன். வூஃபரின் ஃபோம் விளிம்பை யாரோ ஏற்கெனவே ஒழுங்காக மாற்றியிருந்தார்கள், புண்ணியவான்.

பாட்டைப் பிரித்துப் பார்த்தால் எதிர்பார்த்தபடியே பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு. ஸ்பிரே மட்டும் அடித்து நாலு முறை திருகினால் கொஞ்ச காலம் ஓடும், மறுபடி படுத்துவிடும். நான் முழுதாகப் பிரித்து, நைஸ் உப்புத்தாளால் கம்பிச்சுற்றையும் நாக்கையும் தேய்த்து, துடைத்து, காண்டாக்ட் கிளீனர் போட்டு மூட்டினேன். பூட்டி அளந்தபோது 4 டெசிபெல் வித்தியாசம் ஒன்றரைக்கு இறங்கியிருந்தது. செலவு என்று பார்த்தால் உப்புத்தாள் விலைதான்.

மிச்சமிருந்த ஒன்றரைதான் கப்பாசிட்டரின் கணக்கு. 6 மைக்ரோஃபாரட் என்று இருக்க வேண்டியது வலதில் 7.1 காட்டியது, இஎஸ்ஆர் 1.4 ஓம். இடதில் 6.6, அரை ஓம். 4 ஓம் ட்வீட்டரோடு தொடரில் 1 ஓம் சேர்ந்தாலே ஏறத்தாழ 2 டெசிபெல் போய்விடும். அரை ஓமுக்கும் 1.4 ஓமுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டால் ஒன்றரைக்குக் கிட்டத்தில் வருகிறது, மைக் சொன்னதும் அதுதான். 50 என்றிருந்தவை 61, 58 காட்டின. 150 இரண்டும் 170ஐத் தாண்டிவிட்டன.

என்ன போடுவது என்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கில் சண்டையே. வெள்ளி, எண்ணெய், தேன்மெழுகு என்று ஒரு கப்பாசிட்டருக்கு ஸ்பீக்கர் விலையைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சாதாரண பாலிபுரொப்பிலீன் பிலிம் வகையில் 6.2 வாங்கி ட்வீட்டருக்குப் போட்டேன். வாங்கியதில் அளந்து பார்த்து, ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய இரண்டைப் பொறுக்கினேன். எழுதியிருக்கும் மதிப்பு துல்லியமாக இருப்பதைவிட இரண்டு பெட்டியும் ஒத்துப்போவதுதான் முக்கியம், பாடுபவர் நடுவில் நிற்பதும் ஒதுங்கி நிற்பதும் அதில்தான் இருக்கிறது. மிட்ரேஞ்சுக்கு 47உம் 3.3உம் இணையாக. வூஃபரின் 150க்கு மட்டும் புது எலெக்ட்ரோலிட்டிக், 100 வோல்ட். அந்த மதிப்பில் பிலிம் என்றால் ஒரு சோடாக்குப்பி அளவுக்கு வரும், வைக்க இடமில்லை, விலையும் கட்டாது. மேலும் அது வூஃபருக்கு வேண்டாத மேல் அதிர்வெண்களைத் திருப்பிவிடும் கப்பாசிட்டர். ஆனால் பழசு என்று அதை அப்படியே விட்டுவிடவும் கூடாது. என்றாவது ஷார்ட் ஆனால் வூஃபர் ஊமையாகிவிடும், ஆம்ப்ளிஃபையருக்கு எதிரில் வெறும் கம்பிச்சுருள் (காயில்) மட்டும்தான் மிஞ்சும்.

பழைய கப்பாசிட்டர்கள் மெழுகில் தோய்த்த அட்டைப்பெட்டிக்குள் இருந்தன. வயரை மட்டும் வெட்டி, பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டேன். புதியவற்றை ஒரு மெல்லிய பலகையில் கட்டி, சூட்டுப்பசை வைத்து உள்சுவரில் திருகினேன். பற்றவைப்பதற்கு முன் ஒவ்வொரு இணைப்பையும் போட்டோ எடுத்துவைத்தது கைகொடுத்தது, உள்ளே வயர் நிறங்கள் மங்கிப்போய் எது மஞ்சள் எது வெள்ளை என்றே தெரியவில்லை. மூடும்போது வூஃபர் விளிம்பில் புதுப் புட்டி. மூடியபின் வூஃபரை மெல்ல உள்ளே அழுத்தி விட்டால் அது சோம்பலாகத் திரும்பி வர வேண்டும். சட்டென்று வந்தால் எங்கோ காற்று போகிறது.

முதலில் வலதை மட்டும் முடித்து, இடதைப் பழைய கப்பாசிட்டரோடு வைத்துக்கொண்டு மோனோவில் மாற்றி மாற்றிக் கேட்டேன். புதுசு போட்ட பக்கம் மேலே 2 டெசிபெல் அளவு ஏறியிருந்தது, இப்போது அதுதான் இடதைவிடத் தெளிவு. மிருதங்கத்தில் சாப்பு விழும்போது தோலின் விளிம்பில் எழும் கூர்மை, ஜால்ராவின் வால் இவை இரண்டிலும் வித்தியாசம் வெளிப்படை. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கியில் ஒன்றும் மாறவில்லை, மாற வேண்டியதும் இல்லை. குரலில் கொஞ்சம், அதுவும் சொன்னால்தான் தெரியும் என்கிற அளவு. இடதையும் முடித்தபின் இரண்டு பெட்டிக்கும் இடையே அரை டெசிபெல்கூட இல்லை.

பிலிம் வகைக்கு உள்தடை மிகக் குறைவு என்பதால், பழைய சமநிலை வேண்டுமானால் அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் சேர்க்கச் சொல்வார்கள். போட்டுப் பார்த்தேன், ஏறத்தாழ 1 டெசிபெல் இறங்கியது. எடுத்துவிட்டேன். இந்த ஸ்பீக்கர் புதிதாக வந்தபோதே ட்ரெபிளில் அடக்கமானது, போதாததற்கு டோமுக்கும் வயதாகிவிட்டது. அந்த வேலையைச் செய்யப் பின்னால் ஒரு பாட் இருக்கும்போது ரெசிஸ்டர் எதற்கு?

புது கப்பாசிட்டர் நூறு மணி நேரம் ஓடினால்தான் பக்குவப்படும் என்றும் ஒரு பேச்சு உண்டு. மாட்டிய அன்று எடுத்த அளவும், நிறையப் பாட்டு ஓடியபின் எடுத்த அளவும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே படிந்தன. பக்குவப்பட்டது என் காதாக இருக்கலாம்.

வலது மிட்ரேஞ்ச் பாட் மட்டும் இன்னும் திருகும்போது கரகரக்கிறது, கம்பிச்சுற்றில் ஓரிடம் அரித்துப் போயிருக்கிறது, தேய்த்துச் சரியாகிற நிலை இல்லை. அதற்குப் பதிலாக எல்-பேடு, அதாவது ஒலியளவைக் குறைக்கும் வேறு ரகத் திருகு ஒன்று, ஆர்டர் செய்திருக்கிறேன். இடதில் பழைய பாட்டே இருப்பதால் இரண்டும் ஒரே அளவில் நிற்க எங்கே திருகி வைப்பது என்பதை மைக்கை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.