தாத்தாவின் டின்னில் கிடந்த கிரிக்கெட் கார்டுகளை விற்ற விதம்

பழைய கிரிக்கெட் கார்டு விற்றேன் என்று தெரிந்ததிலிருந்து “எவ்வளவு வந்தது, எங்க வீட்டிலயும் இருக்கு” என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஆள் சொல்லி முடியாது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

தாத்தா இலங்கை மலைநாட்டில் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பங்களா அப்புவாக, அதாவது துரை வீட்டுச் சமையல்காரராக, இருந்தவர். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது அங்கிருந்த வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கிளம்பினார். அவர் வேண்டாம் என்று விட்டுப்போன சாமான்களோடு ஒரு பிஸ்கட் டின்னும் எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வந்தது. உள்ளே சிகரெட் பெட்டிக்குள் வைத்து வந்த சின்னச் சின்ன அட்டைகள், மூன்றரை சென்டிமீட்டர் அகலம், ஏழுக்குக் கொஞ்சம் குறைவான உயரம். முன்பக்கம் ஆட்டக்காரர் படம், பின்பக்கம் அவரைப் பற்றிச் சில வரிகள், ஜோன் பிளேயர் அண்ட் சன்ஸ் என்ற சிகரெட் கம்பெனியின் பெயர்.

முதல் வேலை ஆண்டைக் கண்டுபிடிப்பது. அவுஸ்திரேலியா இங்கிலாந்துக்கு வந்து ஆடிய 1930, 1934, 1938 மூன்று ஆண்டுகளிலும் பிளேயர்ஸ் கிரிக்கெட் தொகுப்பு போட்டது, ஒவ்வொன்றிலும் 50 கார்டு. ஆண்டு கார்டிலேயே இருக்கும். என் டின்னில் 34உம் 38உம் கலந்து கிடந்தன. 38இல் ஒரு தொல்லை உண்டு: ஈரம் தொட்டு ஆல்பத்தில் ஒட்டுவதற்காகப் பின்னால் பசை தடவியே வந்தவை அவை. இங்கிலாந்தில் அது வசதி. எங்கள் ஊரில் மே மாதம் தொடங்கினால் மூடுபனியும் தூறலும்தான், துவைத்த உடுப்பே காயாது, பசை சும்மா இருக்குமா? ஏழெட்டுக் கார்டு ஒன்றோடொன்று பிடித்துக் கட்டியாகிக் கிடந்தன. நீராவி காட்டு, வெந்நீரில் போடு என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். நான் தொடவில்லை. பின்பக்கம் கிழிந்துபோனால் அந்தக் கார்டை யாரும் சீண்டமாட்டார்கள், கட்டியாகவே இருக்கட்டும்.

அடுத்தது அசலா என்று பார்ப்பது. கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா டோர்ச் ஒன்று வாங்கி, காம்பராவை இருட்டாக்கி ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். கடதாசியை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கிற ரசாயனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலானது, ஆகவே பிற்காலத்தில் திரும்ப அச்சடித்ததில் பெரும்பாலும் நீல ஒளி பளிச்சென்று எழும்பும், 1930களின் அட்டை மங்கலாகவே கிடக்கும். என்னுடையவை எல்லாம் மங்கலாகவே இருந்தன. அன்றைக்குச் சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

அப்புறம்தான் விலையைத் தேடினேன். பழைய கார்டு என்றால் கோடிக்கணக்கில் வரும் என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் டொப்ஸ் கம்பெனி 1952இல் போட்ட, மிக்கி மான்டில் என்ற ஆட்டக்காரரின் பேஸ்போல் கார்டு ஒன்று 2022இல் ஒரு கோடியே இருபத்தாறு இலட்சம் டொலருக்குப் போனது உண்மைதான். ஆனால் அந்தத் தொகுப்பில் விற்காமல் கிடந்த பெட்டிகளை 1960இல் கம்பெனிக்காரரே கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டினார், அதனால் அதற்குத் தட்டுப்பாடு. பிளேயர்ஸ் கார்டு அப்படியில்லை. கணக்கில்லாமல் அடித்தார்கள், வாங்கியவர்களும் பத்திரமாக ஆல்பத்தில் வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் இங்கிலாந்தில் 38ஆம் ஆண்டின் முழுத் தொகுப்பே சாதாரண நிலையில் நூறு பவுணுக்கும் கீழேதான் கிடைக்கிறது. அவுஸ்திரேலியாவின் டொன் பிராட்மன் மாதிரி ஒரு சில ஆட்டக்காரருக்குத்தான் தனி மவுசு, அதுவும் மூலை மழுங்காமல் இருந்தால்.

கிரேடிங்குக்கு அனுப்பலாமே என்று கேட்பீர்கள். கலிபோர்னியாவில் இருக்கும் பிஎஸ்ஏ மாதிரிக் கம்பெனிகள் மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து 1இலிருந்து 10 வரை புள்ளி போட்டு பிளாஸ்டிக் உறைக்குள் மூடித் தருவார்கள். கட்டணமும் போகவரத் தபால் செலவும் கூட்டினால் என் கார்டில் பெரும்பாலானவற்றின் விலையைவிட அதிகம். பிராட்மனைக்கூட அனுப்பவில்லை. ஈரப்புள்ளி விழுந்த கார்டுக்கு 3, 4க்கு மேல் வராது என்று கண்ணாலே தெரிகிறது, அதைச் சொல்ல அமெரிக்காக்காரனுக்கு ஏன் காசு?

விற்கிறதில் பெரிய சிக்கல் காசு கைக்கு வருவதுதான். இணையத்தில் காசு அனுப்புகிற பேபாலில் அப்போது இலங்கையிலிருந்து காசு கட்டலாம், வாங்க முடியாது. கடைசியில் லண்டனில் இருக்கிற அத்தை மகன்தான் கைகொடுத்தார். “மச்சான், நீ அனுப்பு, நான் ஏலத்தில போடுறேன், காசை பேங்க்குக்கு அனுப்புறேன்.” சரி என்று கார்டுகளை நாணயம், நோட்டு சேர்ப்பவர்கள் வாங்குகிற மெல்லிய உறைகளில் போட்டு (பிவிசி உறை வேண்டாம், காலப்போக்கில் அது பிசுபிசுத்துக் கார்டில் ஒட்டும்), இரண்டு தடித்த அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, பதிவுத் தபாலுக்குக் கொண்டுபோனேன். படிவத்தில் சிகரெட் கார்டு என்று எழுதியதைப் பார்த்ததும் கவுண்டரில் இருந்த அக்கா நிமிர்ந்தார்.

“தம்பி, சிகரெட் அனுப்ப ஏலாது.”

பிரித்துக் காட்ட வேண்டியதாகிவிட்டது. தொப்பி போட்ட வெள்ளைக்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, “இதைக் காசு குடுத்து வாங்குறாங்களா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ‘பழைய விளையாட்டுப் படங்கள், கடதாசி’ என்று மாற்றி எழுதியதும் முத்திரை குத்திவிட்டார். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

அனுப்பியதெல்லாம் விற்றது. செலவு போகக் கையில் வந்ததில் வீட்டுக்கூரைத் தகரம் கொஞ்சம் மாற்றினேன், அவ்வளவுதான். முதலீடு என்று இறங்க நினைப்பவர்கள் முதலில் ஈரத்தோடு சண்டை போடத் தயாராகுங்கள். இறுக்கமாக மூடுகிற டப்பா, சிலிக்கா ஜெல், மாதம் ஒருமுறை அந்த ஜெல்லைச் சூடுகாட்டிக் காயவைப்பது. நுவரெலியாப் பக்கம் என்றால் மாதம் இருமுறை. லேமினேட் செய்துவிடாதீர்கள், செய்த கார்டுக்கு விலையே கிடையாது.

பிராட்மனை நான் விற்கவில்லை, டப்பாவில் இருக்கிறார். இப்போது தேடுவது நம்ம கண்டிக்காரர் முரளியின் கார்டு, 1992இல் அவர் டெஸ்ட் ஆடத் தொடங்கியதற்குப் பிறகு வந்த முதல் சில வருடத்துக் கார்டுகள். யாரிடமாவது இருந்தால் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் பண்ணி அனுப்புங்கள், போனில் எடுத்த படத்தில் மூலை தெரியாது. விலை பேசிக்கொள்ளலாம்.